மாத்திரை வீடு தேடி வருது... நீச்சல் குளம் எப்போ வரும்?

சர்க்கரை வியாதியைப் பணக்கார வியாதி என்று சொன்ன காலம் மலையேறி விட்டது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் சர்க்கரை. பைல் புரட்டும் குமாஸ்தாவுக்கும் சர்க்கரை. பஸ் ஓட்டும் டிரைவருக்கும் சர்க்கரை!

ஐ.சி.எம்.ஆர். நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் பெரியவர்கள் 100 பேரில் 14 பேருக்கு இருக்கிறது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்கள்.

வாசலில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா?

முடியும். சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப்பட்ட 531 பேரை 3 வருஷம் கவனித்தார்கள். ஆய்வு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்து விட்டது. சாப்பாட்டைத் திருத்தி, உடம்பை அசைத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

அவர்கள் பெரும்பாலும் நடந்தவர்கள். "நடந்தா முட்டி வலிக்குதே, சார்!" என்பவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்குத்தான் நீச்சல்!

தண்ணீர் தாங்கும்

மார்பளவு தண்ணீரில் நின்றாலே உடல் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்து கொள்கிறது. முட்டிக்கு நிம்மதி. கை, கால், முதுகு எல்லாம் வேலை செய்யும். வேலை செய்கிற தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டாலும் இழுக்கும்.

ஆனால் அந்தப் பலன் ஒன்றிரண்டு நாளில் கரைந்து விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குதித்து விட்டு, வெளியே வந்து நாலு பஜ்ஜி சாப்பிட்டால் என்ன புண்ணியம்? வாரத்துக்கு 150 நிமிஷம் வேண்டும். அதாவது, அரை மணி வீதம் 5 நாள். சேர்ந்தாற்போல் 2 நாளுக்கு மேல் விடக் கூடாது.

உஷார்!

ஏற்கனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்தால் ஆபத்து. தனியாக நீந்தவே கூடாது. கரையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். காலில் புண் இருந்தால் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். நீந்தத் தெரியாதவர்கள் கிணற்றிலும் கல்குவாரியிலும் இறங்கிப் பழகுவது தற்கொலைக்குச் சமம்.

குளம் எங்கே?

சென்னை மாநகராட்சிக் குளம் என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது மெரினாவும், பெரியமேடு மைலேடி பூங்காவும்தான். வேளச்சேரியில் அரசு நீச்சல் வளாகம் இருக்கிறது. ஆனால் 2011-லேயே 426 சதுர கிலோமீட்டராக விரிந்து விட்ட ஊர் இது. அம்பத்தூர்க்காரரும் திருவொற்றியூர்க்காரரும் விடிகாலையில் பஸ் பிடித்து மெரினா வந்து நீந்தி விட்டு, ஒன்பது மணிக்குக் கடை திறக்க முடியுமா? நடக்கிற காரியமா?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது. சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்த மாத்திரை வியாதி வந்தவருக்கு. வாசற்படியில் நிற்பவருக்கு என்ன வழி?

மண்டலத்துக்கு ஒரு குளமாவது வேண்டும். ஆபீசு போகிறவர்களுக்கு விடிகாலையில் திறக்க வேண்டும். கடை அடைத்து வருகிறவர்களுக்கு ராத்திரியில் திறக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர் வேண்டும். நாற்பது வயசுக்காரருக்கும் பொறுமையாகக் கற்றுத் தர ஆள் வேண்டும். கட்டணம் டீச்செலவைத் தாண்டக் கூடாது.

குளம் கட்டப் பணம் ஆகும்தான். ஆயுசு முழுக்க மாத்திரை கொடுப்பது மட்டும் சும்மாவா வருகிறது?

ரிப்பன் மாளிகை மனசு வைக்குமா?