யார் எழுதிய நிரல்?

சுந்தரபாண்டியபுரம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர், நமக்குத் தோழர், நாற்பது வயதுக்கு மேல் கோடிங் படிக்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். “எனக்கே இப்பதான் ஸ்கிராட்ச்ல பூனையை நடக்க வைக்கத் தெரிஞ்சிருக்கு தோழர்” என்று சிரிக்கிறார். நம்மாட்களில் சிலருக்கு எரிச்சல். சுடுகாட்டுப் பாதைக்கே போராடிக்கிட்டிருக்கோம், இவருக்குப் பூனை விளையாட்டு கேக்குதோ?

‘ஒனக்கு எதுக்கு?’ என்று சொல்லித்தானே நமக்கு எழுத்தை மறுத்தார்கள்? அதே கேள்வியை நம்ம பிள்ளைகளிடம் நாமே கேட்கலாமா? மத்தளம்பாறையில் 2011லேயே ஜோஹோ வந்தாச்சு. பஸ்ஸில் போய்வருகிற தூரம்.

வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. கணினிச் சிந்தனை எல்லோருக்கும் வேண்டிய திறன் என்று 2006ல் எழுதினார் அமெரிக்கப் பேராசிரியை ஜெனட் விங். சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடி, விதியாக எழுது. சாரம் இவ்வளவுதான். இதை வைத்து நம்ம ஊரைப் படித்துப் பாருங்கள்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்று கடைக்காரர் மறுத்தார். அந்தத் தெருப் பிள்ளை என்றால் கொடுக்காதே, இல்லையென்றால் கொடு. சுத்தமான நிரல். கையில் இருக்கும் காசை அது பார்க்காது. பிள்ளையின் முகத்தையும் பார்க்காது.

வங்கிக் கவுண்டரில் நானும் “சிஸ்டம் எடுக்கலம்மா” என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதியை எழுதியவன் பெயர் திரையில் வராது. ‘ஊர் வழக்கம்’ என்பதும் அப்படித்தான். எழுதியவன் ஒளிந்துகொள்கிறான், வழக்கம் மட்டும் பேசுகிறது.

ஆனால் எழுதியதைத் திருத்தலாம். 2023ல் நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய பிறகு அமைக்கப்பட்டது நீதிபதி சந்துரு குழு. வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, பிள்ளைகளை அகரவரிசையில் உட்கார வை என்று 2024ல் பரிந்துரைத்தது. அகரவரிசைப்படுத்துவது கணினிக்காரர்களுக்கு அரிச்சுவடிப் பாடம். அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பெயர் எழுதிய அட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்களையே வரிசை மாறி நிற்கச் சொல்லலாம். உட்கார்ந்த பிறகு கேட்கலாம்: நேத்து வரைக்கும் எந்த விதிப்படி உக்காந்திருந்தோம்? யார் போட்ட விதி?

தோழருக்கு நான் சொல்வது இதுதான். பூனையை நடக்கவிடுங்கள். கூடவே இந்தக் கேள்வியையும் கேளுங்கள். மவுஸ் யார் கையில் இருக்கிறது, துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இங்கிலீஷைக் காட்டி மிரட்டவும் வேண்டாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ நிரல்மொழியில் நிபந்தனையை ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்றே எழுதலாம்.

விதிக்குக் கீழ்ப்படிய நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அதுதான் பாடம். விதியை எழுதக் கத்துக்கட்டும்.