‘போதும்’ என்று சொல்லும் உரிமை யாருக்கு?

பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பும் பெற்றோர் எல்லாரும் ஒரே நம்பிக்கையோடுதான் திரும்புகிறார்கள். ‘என் பிள்ளையை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பதே அந்த நம்பிக்கை. எந்தப் படிவத்திலும் அது அச்சிடப்பட்டிருப்பதில்லை. ஆனாலும், அதை நம்பித்தான் எல்லாப் படிவங்களிலும் அவர்கள் கையொப்பமிடுகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு சாரார்க்கு இந்த உறுதிமொழி நேரிலேயே தரப்படுகிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்களின் காற்பந்துப் பயிற்றுநர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்களைத் தேடி ஊர் ஊராகச் செல்கிறார்கள். வீட்டுக்கே வந்து, பெற்றோருடன் அமர்ந்து உணவருந்தி, உபகாரச் சம்பளம், பட்டம், எதிர்காலம் என்று பேசுகிறார்கள். ஆள் திரட்டும் இந்தப் பணி அங்கே ஒரு பெரிய தொழில். மாணவர்களுக்கு நட்சத்திரத் தகுதி வழங்கிப் பட்டியலிடவே தனி நிறுவனங்கள் உண்டு.

அப்படித் தேடப்பட்டவர்களில் ஒருவர்தான் ஜோர்டன் மெக்நேர். மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மெக்டோனா பள்ளி மாணவர். ஏறக்குறைய 193 செண்டிமீட்டர் உயரம், 147 கிலோ எடை. நான்கு நட்சத்திரத் தகுதி பெற்ற அவரைப் பல பெரிய பல்கலைக்கழகங்கள் அழைத்தன. அவரோ வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். 2017-ஆம் ஆண்டு அங்குச் சேர்ந்தார். 2018 ஜூன் 13-ஆம் நாள் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 19.

அவர் ஆடிய இடத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் பெரும்பகுதி. தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். ‘ஒஃபென்சிவ் லைன்மேன்’ என்று அவர்களை அழைப்பார்கள். நாம் தடுப்பு வரிசை வீரர்கள் எனலாம். பின்னால் நிற்கும் ‘குவாட்டர்பேக்’ பந்தை எறியும்வரை எதிரணியினர் அவரை நெருங்காதபடி தங்கள் உடலையே சுவராக்கி நிற்பது இவர்களின் வேலை. புள்ளிப்பட்டியலில் இவர்கள் பெயர் அரிதாகத்தான் வரும். ஒலிபெருக்கியில் இவர்களின் சட்டை எண் கேட்கிறதென்றால் பெரும்பாலும் ஏதோ தவறு செய்துவிட்டார்கள் என்று பொருள். பிறருக்காகத் தாங்கிக்கொள்வதே இவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம்.

அந்தப் பாடத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பெரிய உடல் மிகுதியான வெப்பத்தை உண்டாக்கும். அதை எளிதில் வெளியேற்றாது. அமெரிக்கக் காற்பந்தில் வெப்பத் தாக்கால் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் வரிசை வீரர்களே. 2001 ஆகஸ்டு 1-ஆம் நாள், மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோரி ஸ்டிரிங்கர் அவ்வாறே இறந்தார். அவரும் தடுப்பு வரிசை வீரர்தான். அவர் பெயரால் 2010-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கழகமே தொடங்கப்பட்டது. ஆகவே, 2018-இல் இது யாருக்கும் தெரியாத செய்தி அன்று.

2018 மே 29. பிற்பகல் பயிற்சி. ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்தைப் பத்து முறை விரைந்தோட வேண்டும். ஓட்டத்தின் நடுவிலேயே ஜோர்டன் தளர்ந்தார். கடைசி ஓட்டங்களை அவர் முடிப்பதற்குச் சக வீரர்கள் துணை நிற்க வேண்டியிருந்தது. இதற்கான சிகிச்சை சிக்கலானது அன்று. ஒரு பெரிய தொட்டியில் குளிர்நீரும் பனிக்கட்டியும் நிரப்பி, நோயாளியை உடனே அதில் இறக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்துவிட்டால் ஏறக்குறைய எல்லாருமே பிழைத்துக்கொள்கிறார்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் மருத்துவமனை என்பது அத்துறையினரின் விதி.

அன்று அவரைக் குளிர்நீரில் இறக்கவில்லை. உடல் வெப்பத்தையும் அளக்கவில்லை. அறிகுறி தென்பட்ட நேரத்துக்கும் மருத்துவ வண்டி புறப்பட்ட நேரத்துக்கும் இடையே 1 மணி 39 நிமிடங்கள் கழிந்தன என்று பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணையின் அறிக்கை கூறுகிறது. மருத்துவமனையை அடைந்தபோது உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸ். கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தும் காப்பாற்ற முடியவில்லை.

பனிக்கட்டி கிடைக்காத ஊரா அது? பணமில்லாத பல்கலைக்கழகமா? அப்படியானால், அன்று அங்கே இல்லாமற்போனது எது?

ஆகஸ்டு மாதம் அந்த அணியின் நிலைமையைப் பற்றி ஊடகங்கள் எழுதின. ஓடமுடியாதவரை இழிவாகப் பேசுவதும், அச்சுறுத்தலும் அங்கே வழக்கமாக இருந்தன என்று செய்திகள் வந்தன. அதே மாதம் பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோ, சட்டப்படியும் அறத்தின்படியும் பொறுப்பு தங்களுடையதே என்று ஒப்புக்கொண்டார். அணியின் சூழலை ஆராய்ந்த இரண்டாவது குழு அக்டோபரில் தன் அறிக்கையைத் தந்தது. ‘நச்சுச் சூழல்’ என்ற சொல்லை அக்குழு ஏற்கவில்லை. ஆனால், வாய் திறக்கப் பல வீரர்கள் அஞ்சினார்கள் என்றும், அதனால் குறைகள் உள்ளுக்குள்ளேயே புரையோடின என்றும் எழுதியது.

என் பார்வையில், நடந்த அனைத்துக்கும் விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. அன்று அந்தத் திடலில் இல்லாமற்போனது, ‘போதும், நிறுத்துங்கள்’ என்று அஞ்சாமல் சொல்லக்கூடிய ஒரு குரல்.

வீரன் சொல்வானா? சொன்னால் அணியில் அவன் இடம் போகும். அங்கே பல இளைஞர்களுக்கு அணியில் உள்ள இடம்தான் உபகாரச் சம்பளம். உபகாரச் சம்பளம்தான் படிப்பு. உடல்நிலையைக் கவனிக்கும் பணியாளர் சொல்வாரா? அவர் விளையாட்டுத் துறையின் கீழ் வேலை செய்பவர். வெற்றியை எதிர்பார்ப்பவரிடமே ஓய்வுக்கு அனுமதி கேட்க வேண்டிய அமைப்பு அது. எனவே, மருத்துவ முடிவை எடுப்பவர் பயிற்றுநருக்கும் விளையாட்டுத் துறைக்கும் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2025 ஜூலை முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். நல்லதுதான். ஆனால், பணம் கூடக் கூட ‘தாங்கிக்கொள்’ என்ற அழுத்தமும் கூடும்.

கடும்பயிற்சி இல்லாமல் வெற்றி உண்டா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்மைதான், நோகாமல் நொங்கு தின்ன முடியாது. ஆனால், களைப்பு வேறு, நோய் வேறு. களைத்தவனை ஊக்குவிக்கலாம். மூளைவரை வெப்பம் ஏறியவனை ஊக்குவிப்பது கொலைக்குச் சமம். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர், அல்லது தெரிந்தும் நிறுத்தத் துணியாதவர், எத்தனை கோப்பைகளை வென்றாலும் பயிற்றுநர் என்ற பெயருக்குத் தகுதியற்றவர்.

இந்தக் கதையில் மாணவர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு நாள் உண்டு. 2018 அக்டோபர் 30-ஆம் நாள், தலைமைப் பயிற்றுநர் டி. ஜே. டர்கின் பதவியில் தொடரலாம் என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு பரிந்துரைத்தது. மகனை இழந்த தந்தை, அவர் நீக்கப்பட வேண்டும் என்று முன்பே வெளிப்படையாகக் கூறியிருந்தார். ஆட்சிக்குழுவின் முடிவைக் கேட்டு மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். மாணவர் மன்றம் பேரணிக்கு அழைப்பு விடுத்தது. சட்டமன்ற உறுப்பினர்களும் கண்டித்தார்கள். மறுநாளே அவர் நீக்கப்பட்டார். அதற்கடுத்த நாள் ஆட்சிக்குழுத் தலைவரும் பதவி விலகினார். பெரியவர்கள் பல மாதங்கள் ஆராய்ந்து எடுத்த முடிவு ஒரே நாளில் மாறியது. திடலில் ஒருவருக்கும் எழாத குரல் வளாகத்தில் எழுந்தது. ஐந்து மாதங்கள் தாமதமாக எழுந்தது என்பதுதான் துயரம்.

2021-இல் ஜோர்டனின் பெற்றோருக்குப் பல்கலைக்கழகம் 35 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்க இணங்கியது. அதே ஆண்டு, விளையாட்டு வீரர்களின் பாதுகாப்புக்காக மேரிலாந்து மாநிலம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றியது. டர்கின் பிறகு வேறு பல்கலைக்கழகங்களில் பயிற்றுநராகப் பணியைத் தொடர்ந்தார்.

இதை எழுதும்போது என் இடைநிலைப்பள்ளி நினைவு ஒன்று உறுத்துகிறது. குறுக்கோட்டப் பயிற்சியில் ஒரு மாணவன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். ‘நடிக்காதே, எழுந்திரு’ என்றார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். ஆம், நானும் சிரித்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிறிது நேரத்தில் எழுந்து நடந்துவிட்டான். அதனால்தான் அந்தச் சிரிப்பு குற்றமாக எனக்கு அன்று தோன்றவில்லை.

நம் வெயிலைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் கழகமும் விளையாட்டு விழா நடத்துகிறது, முகாம் நடத்துகிறது. புதிய மாணவர்களை அன்போடு அழைக்கிறோம்; அவர்களின் பெற்றோரிடம் ‘நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிறோம். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அதிகச் செலவாகாது. நிழல், தண்ணீர், பனிக்கட்டி நிரம்பிய ஒரு தொட்டி போதும். அவற்றோடு, ஏற்பாட்டுக் குழுவில் இல்லாத ஒருவரிடம் நிகழ்ச்சியை எந்த நேரத்திலும் நிறுத்தும் அதிகாரத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அவர் முதலாமாண்டு மாணவராக இருந்தாலும் சரி, அவர் ‘போதும்’ என்றால் தலைவர் முதல் அனைவரும் நிற்க வேண்டும்.

இவ்வாண்டு முகாமுக்கான கூட்டத்தில் இதை நான் முன்மொழியப் போகிறேன். வழிமொழிய யாராவது வாருங்கள்.