குற்றவாளி ஆடையா, நடைபாதையா?

புறக்கோட்டைப் பிரதான வீதியில் சனநெரிசல் முற்றும்போதெல்லாம் சிலரது விரல் பெண்களின் ஆடையை நோக்கியே நீள்கிறது. அபாயா அணிந்தோர் மெதுவாக நடந்து பின்னால் வருவோருக்கு இடைஞ்சல் தருகிறார்களாம். சேலைக்கும் இதே தீர்ப்புத்தான்.

ஆடை நடையைக் கட்டுப்படுத்தும் என்பதை நாம் மறுக்கவில்லை. கீழ்விளிம்பு ஒடுங்க ஒடுங்கக் காலடியும் குறுகும். சாரனுக்கும் இது பொருந்தும். ஆனால், சாரன் உடுத்தவர் அவசரமென்றால் மடித்துக் கட்டிக்கொண்டு விரைகிறார். எவரும் ஏனென்று கேட்பதில்லை. பெண்ணுக்கு அந்தச் சலுகை உண்டா? ஒரு கையில் பை, மறுகையில் பிள்ளை. விளிம்பைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கைக்கு அவள் எங்கே போவாள்?

அவள் நடக்கும் இடத்தையும் பாருங்கள். நடைபாதையில் பாதி கடைச் சாமான்களுக்கு. மீதியில் பெயர்ந்த கற்கள். நாட்டாமையின் வண்டிக்கு ஒதுங்கி வீதியில் இறங்கினால் பஸ் உரசுகிறது. அந்த பஸ்ஸில் ஏறவோ, மிதிபலகை எட்டாத உயரம்.

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேல்நாடுகளில் கணுக்காலருகே இறுகிய பாவாடை நாகரிகமாயிற்று. அணிந்தோர் டிராம் வண்டியில் ஏற முடியாது திண்டாடினர். கேலிக்குக் குறைவில்லை. ஆயினும் 1912இல் நியூயோர்க்கில் தளம் தாழ்ந்த டிராம் ஓடவிடப்பட்டது. அங்கே வண்டி தாழ்ந்து கொடுத்தது; இங்கே பெண்தான் தாழ வேண்டுமோ?

2022இல் ஆசிரியைகள் சிலர் சேலை தவிர்த்து வேறு உடையில் பாடசாலை சென்றபோது நாடே பண்பாடு பேசிற்று. அவர்கள் எத்தனை பஸ் மாறி, எப்பாதையில் நடந்து வருகிறார்கள் என்று கேட்டோர் மிகச் சிலரே.

எம்மவரிடமும் ஒரு சொல். நிலம் கூட்டும் அபாயா எதற்கு? ஐம்பத்திரண்டு அளவு போதுமானவருக்கு ஐம்பத்தாறை விற்கும் வியாபாரி, அவர் வழியில் இடறுவதற்கும் சேர்த்தே விலை வாங்குகிறார். மிகையானதை மடித்துத் தைத்தால் நாணம் குறைந்துவிடாது.

தையற்காரர் செய்ய வேண்டியது நான்கங்குல வேலை. மாநகர சபை செய்ய வேண்டியதோ மைல் கணக்கில் கிடக்கிறது. முதலில் நடைபாதையை நடப்பவருக்கு மீட்டுத் தாருங்கள். உடையை உடுப்பவர் பார்த்துக்கொள்வார்.