சீட்டுப் போடுமுன் பட்டாவை எடுத்துப் பாருங்கள்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் என்னிடம் வந்தார். கையில் மடித்த மூன்று காகிதத் துண்டுகள். மகளுக்கு மூன்று வரன்கள் வந்திருக்கின்றன. மூன்று பெயர்களையும் எழுதி, வேதாகமத்துக்குள் வைத்து, ஒரு வாரம் உபவாசத்தோடு ஜெபித்திருக்கிறார். அவற்றில் ஒன்றை நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். "ஐயா, நீங்கள் எடுத்தால் கர்த்தர் எடுத்ததுபோல" என்றார். நான் எடுக்கவில்லை. "மகளிடம் கேட்டீர்களா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் காகிதங்களை மறுபடியும் மடித்துக்கொண்டார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தாயார்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இப்படிச் செய்வதுதான் தேவசித்தத்தை அறியும் வழி என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் போதகர்களாகிய நாங்களே. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம். "நல்ல வசனம்" வரவில்லையென்று முகம் வாடி, இரண்டாவது அட்டை எடுக்கிறவர்களைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறோம். எல்லா அட்டைகளிலும் ஆசீர்வாதம், உயர்வு, பெருக்கம். அறுப்பறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறதே, அதை எந்த ஆண்டிலாவது எந்த அட்டையிலாவது அச்சிட்டுக் கண்டதுண்டா? வாழைக்குலை வெட்டுகிறவர்களும் கோரை அறுக்கிறவர்களும் வாழ்கிற இந்த முசிறியில், அந்த ஒரு வசனம் எத்தனை வீடுகளுக்கு ஆண்டு முழுவதும் போதுமானதாயிருக்கும்!

நானும் சீட்டுப் போட்டவன்தான். இறையியல் கல்லூரியை முடித்து வந்த முதல் ஆண்டுகளில், பேருந்து வசதியில்லாத ஒரு கிராமச் சபைக்குப் போகும்படி எனக்கு அழைப்பு வந்தது. "போ" என்று ஒரு சீட்டு, "போகாதே" என்று ஒரு சீட்டு எழுதி, முழங்காலில் நின்று எடுத்தேன். "போ" என்று வந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் போட்டேன். அந்த இரண்டாவது சீட்டில் என்ன வந்தது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டாவது முறை போட்டேன் என்பதே போதும். அந்தச் சபைக்குத் தேவை இருந்தது, அழைப்பு முறையாக வந்தது, எனக்குச் சரீர பெலன் இருந்தது. தெரியாதது ஒன்றுமில்லை. பேருந்து இல்லை என்பதுதான் தடை. அதைக் கர்த்தருக்கு முன்பாகச் சொல்ல வெட்கப்பட்டு, சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எரேமியா 42, 43-ஆம் அதிகாரங்களை இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். எருசலேம் வீழ்ந்தபின் மீந்தவர்கள் யோகனானின் தலைமையில் தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்வதைக் கேட்போம் என்று சத்தியம் பண்ணுகிறார்கள். 10 நாள் சென்றபின் பதில் வருகிறது: எகிப்துக்குப் போகாதிருங்கள், இங்கேயே தரித்திருங்கள். உடனே தீர்க்கதரிசியைப் பொய்யன் என்கிறார்கள். ஏன்? முந்தின அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் பாருங்கள். எரேமியாவிடம் வருமுன்பே அவர்கள் எகிப்துக்குப் போகிற வழியில் பெத்லகேமுக்கு அருகே தங்கியிருந்தார்கள். மூட்டை கட்டிப் புறப்பட்டபின் கேட்கப்பட்ட கேள்வி அது. நம்முடைய ஜெபக் குறிப்புகளில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று எண்ணிப்பார்க்க எனக்குத் துணிவில்லை.

தேவசித்தம் மறைபொருள், அதைத் தோண்டி எடுக்கவேண்டும் என்ற உபதேசமே பெரும்பாலும் தவறானது என்று நான் சொல்கிறேன். 1 தெசலோனிக்கேயர் 4:3 பரிசுத்தமாகுதலையே தேவசித்தம் என்கிறது. அதே நிருபத்தின் 5:18 எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதை அப்படிச் சொல்கிறது. மீகா 6:8 நியாயம், இரக்கம், மனத்தாழ்மை என்று கேட்கிறது. இவை முன்னமே அறிவிக்கப்பட்டாயிற்று என்றும் சொல்கிறது. அறிவிக்கப்பட்டதை விட்டுவிட்டு அறிவிக்கப்படாததைத் தேடுகிறவன் பக்தன் அல்ல, பணிய மனமில்லாதவன்.

"அப்படியானால் வேலை, திருமணம், பயணம் போன்றவற்றில் எப்படி முடிவெடுப்பது ஐயா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்முடைய திருச்சிராப்பள்ளியிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

சுவார்ட்ஸ் ஐயரை நீங்கள் அறிவீர்கள். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1762-ல் திருச்சிராப்பள்ளியில் ஊழியத்தைத் தொடங்கி, 1766-ல் கிறிஸ்து நாதர் ஆலயத்தைக் கட்டியவர். 1779-ல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்ட் அவரை அழைத்து, மைசூர் அரசர் ஐதர் அலியிடம் சமாதானத் தூது போகும்படி கேட்டார். ஐயர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டார். ஜெபித்தார். பின்பு காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். இந்தத் தூதில் அரசியல் சூழ்ச்சி இல்லை, யுத்தத்தைத் தடுப்பதே நோக்கம். சுவிசேஷம் அறிவிக்கப்படாத இடங்களில் அதை அறிவிக்க வாய்ப்பு உண்டாகும். தமக்கு உதவி செய்த அரசாங்கத்துக்கு நன்றிக்கடன் இருக்கிறது. இத்தோடு, யாரிடத்திலும் வெகுமதி வாங்கித் தம் கைகளைக் கறைப்படுத்துவதில்லை என்றும் தீர்மானித்தார். இவ்வளவையும் எழுதிவைத்திருக்கிறார். சொப்பனம் கண்டதாகவோ சீட்டு எடுத்ததாகவோ அந்தக் காரணங்களில் ஒன்றுமில்லை.

கரூர் வழியாகத்தான் போனார். நமக்கு மேற்கே, காவிரியின் எதிர்க்கரையில் இருக்கிற அதே கரூர். அன்று அது ஐதர் அலியின் ஆட்சி எல்லைக்குள் இருந்தது. அங்கே சில வாரங்கள் காத்திருக்க நேர்ந்தபோதும் உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தார். பின்பு ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். நம் ஸ்ரீரங்கம் அல்ல, அதே காவிரியின் மேல்பகுதியில் இருக்கும் ஊர். ஐதர் அலி மரியாதையோடு பேசி, வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்து அனுப்பினார். ஐயர் அதைக் கம்பெனியாரிடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்தபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார்.

ஆனால் தூது பலிக்கவில்லை. 1780-ல் ஐதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. நாடு முழுவதும் பஞ்சமும் சாவும். "கதவு திறந்தால் தேவசித்தம், அடைத்தால் சித்தமல்ல" என்ற நம் அளவுகோலின்படி சுவார்ட்ஸ் ஐயர் வழி தவறியவர். அப்படிச் சொல்ல யாருக்காவது மனம் வருமா? அந்த யுத்தத்தின் நடுவிலும் அவர் தடையின்றிப் போய்வர ஐதர் அலி அனுமதித்திருந்தார். முன்பே வாங்கிச் சேர்த்துவைத்த அரிசியால் தஞ்சாவூரில் பட்டினி கிடந்தவர்களைப் போஷித்தார். கூலியும் விலையும் கிடைக்காமல் ஏமாந்திருந்த கிராமத்தார் வேறு யார் சொல்லையும் நம்பாதிருந்தபோது, பணத்துக்கு இவர் பொறுப்பு என்றவுடன் தானியத்தைக் கொண்டுவந்தார்கள். ஐயரின் கை சுத்தமென்று அந்தக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு நாளில் கிடைத்த பெயரல்ல.

அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. சபைக்குள் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை அக்காலத்து மிஷனரிகள் முறிக்கவில்லை, அவரும் முறிக்கவில்லை. 1833-ல் பேராயர் டானியேல் வில்சன் அதை நிறுத்தும்படி கட்டளை அனுப்பியபோது, தஞ்சாவூரில் பலர் ஆலயத்தை விட்டார்களேயன்றிச் சாதியை விடவில்லை. தேவசித்தம் அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று? இன்றும் வரன் பார்க்கையில் முதலில் சாதி, அடுத்து சம்பளம், அதற்கடுத்து நகை என்று மூன்று சல்லடைகளில் சலித்துவிட்டு, மீந்த பெயர்களை மட்டும் கர்த்தருக்கு முன்பாக வைக்கிறோம். சலித்தது நாம், சித்தம் கர்த்தருடையது என்று அழைப்பிதழில் அச்சிடுகிறோம்.

அப்போஸ்தலரும் சீட்டுப் போட்டார்களே என்று வேதம் அறிந்த சிலர் கேட்பார்கள். போட்டார்கள், அப்போஸ்தலர் 1-ஆம் அதிகாரத்தில். அதற்குமுன் அந்த இருவரும் ஆதிமுதல் கர்த்தரோடு சஞ்சரித்தவர்களா என்று ஆராய்ந்து நிறுத்தினார்கள். 2-ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கினபின்பு சபை சீட்டுப் போட்டதாக ஓரிடத்திலும் வாசிக்கிறதில்லை. 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவிய சகோதரர்கள் உத்தம பக்தர்கள். அவர்களுடைய சபையில் திருமணங்களுக்கே சீட்டுப் போடுவார்கள். 1818-ல் சாதாரண விசுவாசிகளின் திருமணத்துக்கு அந்த வழக்கத்தை அவர்களே கைவிட்டார்கள். அவர்கள் விட்டதை நாம் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இனி நான் எழுதத் தயங்கிய காரியம். முன்பு நான் ஊழியம் செய்த வேறோர் ஊரில் ஒரு சகோதரர் இருந்தார். ஒழுங்காக ஆலயத்துக்கு வருகிறவர், தாராளமாகக் காணிக்கை கொடுக்கிறவர். தகப்பனுடைய நிலத்தில் வீடு கட்ட விரும்பி, சாலையோரத்தில் கட்டுவதா தோப்புப் பக்கத்தில் கட்டுவதா என்று தேவசித்தம் அறிய என்னை ஜெபிக்கச் சொன்னார். அவருக்கு விதவையான ஒரு சகோதரி. பாய் நெய்து பிழைக்கிறவர். "அவர்களுடைய பங்கு என்னவாயிற்று?" என்று கேட்டேன். கல்யாணத்துக்கு நகை போட்டபோதே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று என்றார். மேலும் கேட்டபோது, "அது குடும்ப விஷயம் ஐயா. நான் கேட்டது கர்த்தருடைய சித்தம்" என்றார்.

கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகனென்றும் மகளென்றும் பாராமல் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். நாட்டின் சட்டமே இவ்வளவு நியாயம் கேட்கிறபோது, நியாயாதிபதியாகிய கர்த்தர் அதைவிடக் குறைவாகக் கேட்பாரென்று நினைக்கிறோமா? அந்த வீடு எழும்பியது. அஸ்திபார ஜெபத்துக்கு நான் போகவில்லை. வேறொரு ஊழியர் வந்து செய்தார். முகப்பில் "எபெனேசர்" என்று பொறித்தார்கள்.

போகாமல் இருந்ததை அன்று என் நீதியாக எண்ணினேன். இன்று அப்படி எண்ணவில்லை. அந்தச் சகோதரியை நான் போய்ப் பார்க்கவில்லை. கமிட்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆலயக் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. அவருடைய காணிக்கை தேவைப்பட்டது. அப்போது நான் செய்யவேண்டியது இன்னதென்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சீட்டு எதுவும் தேவைப்படவில்லை.

சீட்டுகளோடு வந்த தாயார் புதன்கிழமை மகளையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு ஒரு அறிவிப்பு: பங்கு முடியாத நிலமோ, கொடுபடாத கூலியோ, திருப்பித் தராத கைமாற்றோ உள்ள குடும்பங்கள் செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குக் குருமனைக்கு வரலாம். வேதாகமத்தோடு பட்டாவையும் பத்திரங்களையும் எடுத்து வாருங்கள். சகோதரிகளையும் கூடவே அழைத்து வாருங்கள்.