கூடம் கோணல் அன்று

சென்ற பருவத்தில் நம் தமிழ்ச் சங்கம் நடத்திய திரைப்பட மாலையை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்திருந்தால் எனக்கு நல்லதுதான். ஆயினும் அதைப் பற்றியே எழுதத் துணிந்தேன். அன்று நேர்ந்த தவறுக்கு நான் பொறுப்பாளி. அதை ஒப்புக்கொள்வதோடு, அத்தவறிலிருந்து நம் சங்கம் கற்க வேண்டியது ஒன்று உண்டு என்று வற்புறுத்தவும் விரும்புகிறேன்.

அன்று நாம் திரையிட்டது ‘பராசக்தி’. 1952-ஆம் ஆண்டு வெளிவந்த படம்; சிவாஜி கணேசன் அவர்களின் முதற் படம்; மு. கருணாநிதி அவர்கள் உரையாடல் எழுதிய படம். அதன் உயிர் முழுவதும் பேச்சில் இருக்கிறது. நீதிமன்றக் காட்சியை எண்ணிப் பாருங்கள். கூண்டில் ஒருவன் நின்று பேசுகிறான். தமிழ் அறியாதவர் பார்த்தால், ‘யாரோ ஒருவருக்கு ஏதோ கோபம்’ என்பதற்கு மேல் என்ன விளங்கும்? ஆகவேதான் நாங்கள் நால்வர் மூன்று வாரம் இரவில் கண் விழித்து, வசனங்களை ஆங்கிலத்தில் எழுதினோம். விடுதி அறைதோறும் சென்று வங்க நண்பர்களையும் பஞ்சாபி நண்பர்களையும் மலையாள நண்பர்களையும் அழைத்தோம். “மொழி தெரியாதே!” என்றவர்களிடம், “திரையின் அடியில் எழுத்து ஓடும், கவலை வேண்டாம்” என்று உறுதி கூறியவன் நான்தான்.

மண்டபம் நிறைந்தது. விளக்கு அணைந்தது. படம் ஓடியது; பாட்டு ஒலித்தது; பேச்சு முழங்கியது. சப்டைட்டில் மட்டும் வரவில்லை.

கணினியின் முன் ஐந்து பேர் கூடினோம், ஆளுக்கொரு யோசனை. படத்தை நிறுத்தி மறுபடி ஓட்டினோம். கணினியை அணைத்து மீண்டும் இயக்கினோம். வேறொரு கணினியைக் கொண்டுவந்து வைத்தோம். நாற்பது நிமிடம் கழிந்தது. விருந்தினர் நாகரிகம் உள்ளவர்கள். முதலில் புன்னகை செய்தார்கள். பிறகு கைப்பேசியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து சென்றார்கள். விருந்துக்கு அழைத்து, இலை போட்டு, தண்ணீரும் தெளித்துவிட்டு, சோறு இல்லை என்று கையை விரித்தவன் நிலையில் நான் நின்றேன்.

அன்றிரவு விடுதியில் என்ன பேசிக்கொண்டோம்? மண்டபத்துக் கணினி பழையது என்றார் ஒருவர். பிளேயர் சரியில்லை என்றார் மற்றொருவர். நல்ல கருவி நமக்கு யார் தருகிறார்கள் என்று குறைப்பட்டார் மூன்றாமவர். எல்லாவற்றுக்கும் நான் ஆமாம் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! நாங்கள் கூடத்தைத்தான் குறை கூறிக்கொண்டிருந்தோம்.

உறக்கம் வராமல் நள்ளிரவில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். காரணம் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது.

சப்டைட்டில் கோப்பு என்பது பெரிய மந்திரம் ஒன்றும் அன்று. எஸ்.ஆர்.டி. என்ற முடிவுப் பெயருடைய கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. முதல் வரியில் வரிசை எண். இரண்டாம் வரியில் எழுத்து தோன்றும் நேரமும் மறையும் நேரமும். அதன் கீழே வசனம். பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவே. இரண்டு நேரங்களுக்கும் இடையில் இரு சிறு கோடுகளும் ஒரு கூர்முனைக் குறியும் நிற்க வேண்டும். நாங்களோ கடிதமும் கட்டுரையும் எழுதும் மென்பொருளில் உட்கார்ந்து இவற்றைத் தட்டச்சு செய்தோம். அந்த மென்பொருள் நமக்கு உதவுவதாக எண்ணி, அந்த மூன்று குறிகளையும் சேர்த்து அழகான ஓர் அம்பாக மாற்றிவிட்டது! நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிளேயருக்கு அப்படி அன்று. நேரம் எழுதிய வரியை அதனால் படிக்க முடியவில்லை. ஆகவே ஒரு வசனத்தையும் அது காட்டவில்லை. நால்வர் மூன்று வாரம் செய்த உழைப்பை ஓர் அம்பு வீழ்த்தியது.

வெறும் எழுத்தை மட்டும் சேமிக்கும் நோட்பேடு போன்ற ஒன்றில் கோப்பைத் திறந்து, அம்புகளை எல்லாம் ஒரே கட்டளையில் பழைய குறிகளாக மாற்றினேன். படம் ஓடியது, எழுத்தும் ஓடியது. அறையில் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

நண்பர்களே, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டில் என்ன செய்வோம்? தொட்டியில் நீர் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்; பிறகு வால்வு திறந்திருக்கிறதா என்று பார்ப்போம்; கடைசியில்தான் குழாயை உடைப்போம். சப்டைட்டில் வராதபோதும் அந்த ஒழுங்கு வேண்டும். அன்று நாங்கள் எடுத்த எடுப்பிலேயே குழாயை உடைத்தோம்.

கோப்பு இருக்கிறதா என்பது முதற் கேள்வி. பென் டிரைவில் படத்தை மட்டும் போட்டு, எழுத்துக் கோப்பை விடுதியில் விட்டுவந்தவர் பலர். இரண்டும் ஒரே கோப்புறையில், ஒரே பெயரில் இருப்பது நல்லது. அப்போது பிளேயர் தானே கண்டுகொள்ளும். படத்துக்கு ஒரு பெயரும் எழுத்துக்கு ‘இறுதி, புதியது, இரண்டு’ என்று ஒரு பெயரும் வைத்தால் அது எப்படி அறியும்? சில படங்களில் எழுத்து படக் கோப்பின் உள்ளேயே அடங்கியிருக்கும். அங்கே தனிக் கோப்பைத் தேடுவது வீண்.

எழுத்தைக் காட்டச் சொன்னோமா என்பது இரண்டாம் கேள்வி. கோப்பு இருந்தும் பிளேயரின் பட்டியலில் அது அணைக்கப்பட்டிருக்கலாம். வி.எல்.சி. பிளேயரில் ‘வி’ விசையை அழுத்தினால் உள்ள எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக மாறும். அப்படியும் வராவிட்டால் கோப்பையே திறந்து, மேலே நான் சொன்ன அமைப்பு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நேரம் பொருந்துகிறதா என்பது மூன்றாவது. எழுத்து முழுப் படத்துக்கும் ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ ‘ஜி’, ‘எச்’ விசைகளால் சரிசெய்யலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகினால் நோய் வேறு. வினாடிக்கு 24 படங்கள் ஓடும் பிரதிக்கு எழுதியதை 25 படங்கள் ஓடும் பிரதியோடு சேர்த்தால், இரண்டரை மணி நேரத்தில் ஆறு நிமிடம் விலகிவிடும். விசையை அழுத்தி இதைத் தீர்க்க முடியாது. நேரங்கள் அனைத்தையும் விகிதப்படி மாற்ற வேண்டும். ‘சப்டைட்டில் எடிட்’ போன்ற இலவச மென்பொருள்கள் அதைச் செய்து தரும்.

நான்காவது கேள்வி நம்மை நேரே சேர்ந்தது. தமிழ் எழுத்து தமிழாகவே தெரிகிறதா? எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள் தெரிந்தால், பிளேயர் பயன்படுத்தும் எழுத்துருவில் தமிழ் இல்லை என்று பொருள். தமிழ் உள்ள எழுத்துருவை அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் போதும். எழுத்து இருந்தும் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறி நின்றால், எழுத்தைக் கோக்கும் திறன் அந்தப் பிளேயருக்கு இல்லை; வேறு பிளேயரை நாட வேண்டும். புரியாத அன்னியக் குறிகள் தெரிந்தால் குறியேற்றம் மாறியிருக்கிறது. யூனிகோடு 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் அளித்தது. ஆயினும் நெடுங்காலம் நாம் ஆளுக்கொரு குறியேற்றத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010-இல்தான். பழைய கோப்புகளை மாற்றியே பயன்படுத்த வேண்டும். புதியவற்றை யு.டி.எஃப்.-8 என்ற முறையில் சேமிக்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: தமிழ் எழுத்துகளைத் தமிழ் அறியாத பழைய குறியேற்றத்தில் சேமித்தால் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். கோப்பை மூடிய பிறகு அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து தமிழை மீட்கவே முடியாது.

“நாம் ஆங்கிலத்தில்தானே எழுதினோம், தமிழ் எழுத்தைப் பற்றிய பேச்சு ஏன்?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

அன்று மண்டபம் காலியான பிறகும் எழாமல் இருந்தவர்களில் முதலாண்டு மாணவி ஒருவர் உண்டு. நம் தமிழ்நாட்டுப் பெண். சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். படம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்து, தம் கைப்பேசியில் எழுதிக் காட்டினார். “அண்ணா, எங்கள் தாத்தாவுக்குப் பராசக்தி வசனம் முழுதும் பாடம். அவர் சொல்லும்போதெல்லாம் வாயசைவைத்தான் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ள வந்தேன்.”

நான் மன்னிப்புக் கேட்டு, ஆங்கில எழுத்தோடு மறுபடி போடுகிறோம் என்று எழுதினேன். அவர் சற்று யோசித்து இன்னொரு வரி எழுதினார். “ஆங்கிலத்தில் கதை தெரியும். தாத்தா சொன்னது தமிழில் அல்லவா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. சப்டைட்டில் என்றால் வெளியாருக்கு நாம் செய்யும் உபசாரம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளையே இலை முன் உட்கார்ந்திருப்பதை நான் காணவில்லை. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்து எதற்கு என்று நாம் நினைக்கிறோம். கேட்க முடியாதவருக்கு அந்த எழுத்துத்தான் படத்தின் குரல். மாற்றுத் திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மின்னணு ஊடகங்களில் இத்தகைய எழுத்து வசதி வேண்டும் என்று கூறுகிறது. சட்டம் கூறுவதற்காகவா நாம் செய்ய வேண்டும்? ஒரு தங்கை கேட்டுவிட்ட பிறகு சட்டம் எதற்கு?

இதற்கு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். திரையில் எழுத்து ஓடினால் நடிப்பைப் பார்க்கும் கண் சிதறும் என்பார் சிலர். அது உண்மைதான். சிதறுகிற கண்ணோடு முழுக் கதையையும் அறிவது மேலா, சிதறாத கண்ணோடு ஒன்றும் அறியாமல் எழுந்து போவது மேலா? ஒருவருக்காக இத்தனை பேர் உழைப்பதா என்பார் வேறு சிலர். அந்த ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். கேட்காமலே இருப்பவர் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியாது. மேலும், இங்கே வடக்கில் பிறந்து, தமிழ் பேசவும் கேட்கவும் அறிந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் தமிழ் மாணவர் நம்முள் பலர் இருக்கிறார்கள். காதில் விழும் சொல்லை அதே கணத்தில் கண்ணாலும் காண்பது அவர்களுக்கு எத்தகைய பள்ளிக்கூடம்!

நேரம் இல்லை என்பது கடைசி மறுப்பு. அன்று நாம் பயன்படுத்திய வி.எல்.சி. பிளேயர் பாரிஸ் நகர்ப்புறத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியில் பிறந்தது. தங்கள் விடுதி வளாகத்து வலைப்பின்னலில் படம் பார்க்க அவர்கள் செய்த வேலை, 2001 முதல் எல்லோருக்கும் உரிய கட்டற்ற மென்பொருளாக உலகெங்கும் பரவியது. அவர்களுக்கும் பாடம் இருந்தது, தேர்வு இருந்தது. ஒரு பிளேயரையே செய்ய மாணவர்களுக்கு நேரம் கிடைத்தது. அதில் காட்ட வேண்டிய எழுத்தை எழுத நமக்கு நேரம் கிடையாதா? பராசக்தி ஏறத்தாழ மூன்று மணி நேரப் படம். பன்னிரண்டு பேர் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

ஆகவே நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இனி நாம் திரையிடும் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஆயத்தம் செய்வோம். முடித்த கோப்புகளைச் சங்க நூலகத்தில் சேர்த்து வைப்போம். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திரையிடும் நாளுக்கு முந்தின நாள், அதே மண்டபத்தில், அதே கணினியில், அதே பென் டிரைவைக் கொண்டு ஒத்திகை பார்ப்போம். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். முன்னால் இருப்பவர் தலை எழுத்தை மறைக்குமானால் அதைச் சற்று மேலே ஏற்றுவோம்.

இன்னும் ஒன்று. ஒத்திகையில் பத்து நிமிடம் ஒலியை முழுவதும் அடைத்துவிட்டுப் படத்தைப் பார்ப்போம். அந்தப் பத்து நிமிடமும் கதை நமக்கு விளங்கினால்தான் வாயிலைத் திறக்க வேண்டும்.

பராசக்தியின் முதற் பதினைந்து நிமிடத்தைத் தமிழில் நான் எழுதி முடித்துவிட்டேன், நோட்பேடில்தான்! மீதம் பதினொரு பங்கு இருக்கிறது. சங்க அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அதில் என் பெயருக்குக் கீழே ஒரு பெயர் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. நீதிமன்றக் காட்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அந்தத் தங்கைதான். வசனத்தைத் தாத்தாவிடம் எழுதி வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.