ஸ்ரீகாந்த் மாறிவிட்டானா?

‘தி ஃபேமிலி மேன்’ தொடரின் ஒற்றன் ஸ்ரீகாந்த் திவாரி, பாகத்துக்குப் பாகம் ஆளே மாறிவிடுகிறான் என்று நண்பர்கள் சிலர் குறை கூறுகின்றனர். நாயுடுபேட்டையிலிருந்து காளத்தி வழியே திருப்பதி வரும் பேருந்தில் இவ்வழக்கு தமிழில் தொடங்கும், தெலுங்கில் சூடேறும்! நமக்கு இதில் உரிமையும் உண்டு. தொடரைப் படைத்த ராஜ் நிதிமோரு திருப்பதிக்காரர், கிருஷ்ணா டி.கே. சித்தூர்க்காரர்.

2019-இல் வந்த முதற்பாகத்தில் கடமையே உயிரெனத் திரிந்தவன், 2021-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதனை உதறிவிட்டுக் கணிப்பொறி நிறுவனமொன்றில் சம்பளத்துக்கு அமர்கிறான். இது பொருந்துமா என்கின்றனர். ஏன் பொருந்தாது? கரீமை மறந்தீர்களா? நம்மைப் போன்ற கல்லூரி மாணவன். பயங்கரவாதி எனத் தவறாகக் கணித்து, ஸ்ரீகாந்தின் பிரிவினரே அவனைச் சுட்டுக் கொன்றனர். அந்தப் பழியைச் சுமந்தவன் ஓடி ஒளியாமல் என்ன செய்வான்? ஒளிந்த இடத்திலும் பழைய தோழன் ஜே.கே.யிடம் துறையின் நடப்பைத் துருவிக் கேட்கிறானே, அவன் எங்கே மாறினான்?

புகார்க் காண்டத்தில் அடங்கியிருந்த கண்ணகி, மதுரைக் காண்டத்தில் அரசவை நடுங்கப் பேசுகிறாள். பாத்திரம் சிதைந்ததென்று எவரும் இளங்கோவடிகளைக் குறை கூறியதில்லை. இடையில் கோவலன் வெட்டுண்டான். அந்தக் காரணம் நம் கண்முன் நிற்கிறது. மாற்றம் குற்றமன்று, காரணமற்ற மாற்றமே குற்றம்.

(ராஜியின் பாத்திரம் குறித்து எழுந்த எதிர்ப்பு வேறு வழக்கு. 2021-இல் தமிழக அரசே தடை கோரி மத்திய அரசுக்கு எழுதியது. அதனை இங்கே கலவேன்.)

என் நெஞ்சை உறுத்துவது சுசித்ராவுக்கு நாம் வழங்கும் தீர்ப்பு. கல்லூரி ஆசிரியை, வேறு வேலை தேடிப் போகிறாள், லோனாவாலாவில் அன்றிரவு நடந்ததைக் கணவனிடம் சொல்லாதிருக்கிறாள். உடனே, “முன்பிருந்த சுசி இவள் அல்லள்” என்கிறோம்! ஸ்ரீகாந்தோ தொடக்கமுதல் வீட்டில் பொய் சொல்லியே வாழ்கிறான். அவன் பொய்க்கு நாட்டுப்பற்று என்று பெயரிட்டோம். அவள் மௌனத்துக்கு மட்டும் நடத்தைக்கேடு என்று பெயரிட்டோம். இது நீதியா, தோழர்களே? நம்முள் இப்படிக் கேட்கும் பெண் மாணவர்க்கு விடை கூறாமல் சிரித்து மழுப்புவதையும் கண்டிருக்கிறேன்.

படைத்தவர்மீதும் குறையுண்டு. ஸ்ரீகாந்தின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை விரித்துக் காட்டியவர்கள், சுசியின் காரணத்தை மட்டும், ஆவலைத் தூண்டும் பொருட்டு, இரண்டாம் பாகத்தின் இறுதிவரை பூட்டியே வைத்தார்கள். 2025-இல் மூன்றாம் பாகம் வருமுன், பார்ப்போர் அந்த வெற்றிடத்தைத் தத்தம் ஐயத்தால் நிரப்பிவிட்டனர். நம்மூர்ப் படைப்பாளிகளிடம் கணக்குக் கேட்பதாயின் அதனைக் கேட்போம். ஸ்ரீகாந்த் ஏன் வேலை மாறினான் என்பதையன்று.