குற்றப்பத்திரிகைக்கு முன்பே தண்டனையா?

கைது செய்யப்பட்டுத் தொடர்ந்து 30 நாட்கள் காவலில் இருக்கும் அமைச்சர் 31ஆம் நாள் பதவியிலிருந்து நீக்கப்படுவார். அவரை நீக்குமாறு முதலமைச்சர் பரிந்துரைக்கத் தவறினாலும் பதவி தானாகவே பறிபோகும். 2025 ஆகஸ்ட் 20 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மக்களவையில் அறிமுகப்படுத்திய 130ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதாவின் சாரம் இதுவே. ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றம் எதுவாயினும் இது பொருந்தும். எதிர்க்கட்சிகளின் கடும் எதிர்ப்பிற்கிடையே மசோதா நாடாளுமன்றக் கூட்டுக் குழுவிற்கு அனுப்பப்பட்டது.

“சிறையில் இருப்பவர் அமைச்சராக நீடிக்கலாமா?” என்ற கேள்வி மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நடுத்தர வர்க்கத் தமிழர்களிடம் எளிதில் எடுபடுகிறது. ஊழல்மீது மக்கள் கொண்டுள்ள கோபம் நியாயமானது. அதைப் புறங்கையால் ஒதுக்குவது இடதுசாரிகளின் வேலையன்று. ஆனால் அந்தக் கோபத்தை மூலதனமாக்கி பாஜக எதை வாங்க முயல்கிறது என்பதை மக்களுக்கு விளக்கியாக வேண்டும்.

சட்டம் வகுத்துள்ள படிகள்

ஓர் அரசியல்வாதிமீது குற்ற வழக்கு பதிவானால் அது பல படிகளைக் கடந்தாக வேண்டும். புலனாய்வு முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகும். பொது ஊழியர் என்றால் பல வழக்குகளில் உரிய அதிகாரியின் முன் அனுமதி தேவை. பின்னர் நீதிமன்றம் ஆவணங்களைப் பரிசீலித்து, முகாந்திரம் இல்லையேல் விடுவிக்கும். இருந்தால் குற்றச்சாட்டுகளை வரையறுத்து விசாரணையைத் தொடங்கும். இதுவரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. தீர்ப்பில் இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி பதவி போகும். தண்டனைக் காலத்துடன் மேலும் ஆறாண்டுகள் தேர்தலில் போட்டியிடவும் முடியாது. மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் ஒட்டிக்கொள்ள இருந்த வழியையும் 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அடைத்துவிட்டது.

புதிய மசோதா இந்தப் படிகள் அனைத்தையும் தாண்டிக் குதிக்கிறது. காவலில் உள்ளவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப் புலனாய்வு அமைப்பிற்குச் சட்டம் 60 நாட்களும், கடுமையான குற்றங்களில் 90 நாட்களும் அவகாசம் தருகிறது. பதவி பறிக்கவோ 30 நாட்கள் போதும் என்கிறது மசோதா. அதாவது, குற்றம் இன்னதென்று எழுத்து வடிவில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படுவதற்கு முன்பே தண்டனை நிறைவேறிவிடும்.

மும்பை கண்ட கைதுகள்

மகாராஷ்டிர அமைச்சர் நவாப் மாலிக்கை 2022 பிப்ரவரி 23 அன்று அமலாக்கத்துறை கைது செய்தது. அவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது ஏப்ரலில். இந்த மசோதா அன்றே சட்டமாகியிருந்தால், மார்ச் முடிவதற்குள் அவர் பதவி இழந்திருப்பார். உச்சநீதிமன்றம் மருத்துவக் காரணங்களுக்காக இடைக்காலப் பிணை வழங்கியது 2023 ஆகஸ்டில்தான். அதற்குள் அவர் இடம்பெற்றிருந்த அரசே கவிழ்ந்து ஓராண்டிற்கு மேலாகிவிட்டது.

கோரேகாவ் பத்ரா சால் வழக்கு இன்னொரு சான்று. சஞ்சய் ராவத் 2022 ஆகஸ்ட் 1 அன்று கைது செய்யப்பட்டு, நூறு நாட்கள் சிறையில் கழித்தார். நவம்பர் 9 அன்று பிணை வழங்கிய சிறப்பு நீதிமன்றம், அந்தக் கைதே சட்டவிரோதமானது என்றது. முதன்மைக் குற்றவாளிகள் எனக் கூறப்பட்ட கட்டுமான நிறுவன முதலாளிகளை அமலாக்கத்துறை அந்த வழக்கில் கைது செய்யாததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. மறுகட்டுமானம் என்ற பெயரில் வீட்டைப் பறிகொடுத்த 672 குடும்பங்களின் துயரம்தான் அந்த வழக்கின் மூலம். அரசியல் வேட்டையின் இரைச்சலில் அந்தக் குடும்பங்கள் யாருடைய நினைவிலும் இல்லாமற் போயின.

சகன் புஜ்பலை 2016 மார்ச்சில் கைது செய்தது இதே அமலாக்கத்துறை. ஈராண்டிற்கு மேல் சிறையிலிருந்து 2018 மே மாதம் பிணையில் வந்தார். 2023 ஜூலை 2 அன்று பாஜக கூட்டணி அரசில் அவரே அமைச்சராகப் பதவியேற்றார். அவர் குற்றவாளியா நிரபராதியா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. ஆனால் அவரது கைதைக் காட்டித் தூய்மை பேசிய கட்சி, அவரை அமைச்சரவையில் அமர்த்திக்கொண்ட நாளில் அந்தத் தூய்மையை எங்கே வைத்தது?

மாநிலங்களவையில் மார்க்சிஸ்ட் கட்சி உறுப்பினர் ஏ.ஏ.ரஹீம் எழுப்பிய வினாவுக்கு 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு அளித்த பதில் போதுமானது: பத்தாண்டுகளில் அரசியல்வாதிகள்மீது அமலாக்கத்துறை பதிந்த வழக்குகள் 193, தண்டனை கிடைத்தவை இரண்டு. பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவின்படி, தாம் குற்றமற்றவர் என்று கருத நியாயமான காரணம் உண்டென நீதிபதி நம்பினால் மட்டுமே பிணை கிடைக்கும். 2022 ஜூலையில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இத்தகைய சட்டத்தின் கீழ் ஒருவரை 30 நாட்கள் உள்ளே வைப்பது ஒன்றிய அரசுக்குக் கடினமான காரியமன்று. மசோதா பிரதமருக்கும் பொருந்தும் என்கிறார்கள். பிரதமரைக் கைது செய்யும் அமலாக்கத்துறை அதிகாரி எங்கே இருக்கிறார்?

உண்மையான நோய் தாமதம்

அதிகாரம் படைத்தவர்கள் தப்புவது சட்டத்தின் மென்மையால் அன்று, வழக்கின் நீளத்தால். அதற்கும் மும்பையே சாட்சி. சிமெண்ட் ஒதுக்கீட்டிற்கும் அறக்கட்டளை நன்கொடைக்கும் தொடர்புண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியதும், 1982 ஜனவரியில் முதலமைச்சர் ஏ.ஆர்.அந்துலே பதவி விலகினார். சட்டமன்ற உறுப்பினர்மீது வழக்குத் தொடர யாருடைய அனுமதி தேவை என்ற வாதத்திலேயே 1984 வந்துவிட்டது. உச்சநீதிமன்றம் வழக்கை உயர்நீதிமன்றத்திற்கு மாற்றியது. 1986இல் 79 குற்றச்சாட்டுகள் வரையறுக்கப்பட்டன. 1988இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அந்த மாற்றமே தவறு என்றது. வழக்கு மீண்டும் சிறப்பு நீதிமன்றத்திற்கே திரும்பியது. அந்துலே 1989இல் மக்களவைக்குச் சென்றார். 1995இல் ஒன்றிய அமைச்சரானார். தமிழ்நாட்டில் ஜெயலலிதாமீதான சொத்துக் குவிப்பு வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது 2017 பிப்ரவரியில். அப்போது அவர் உயிருடன் இல்லை.

நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள்மீதான இத்தகைய வழக்குகளைக் குற்றச்சாட்டு வரையறுக்கப்பட்டதிலிருந்து ஓராண்டிற்குள் முடிக்க முயல வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் கூறியது. ஊழலை ஒழிக்கும் எண்ணம் ஒன்றிய அரசுக்கு இருந்தால், அதைச் சட்டமாக்கட்டும், நீதிபதிகளை நியமிக்கட்டும். தீர்ப்பு வரும்வரை பதவி விலகல் அரசியல் அறம் சார்ந்தது. அந்துலேயும் சரி, உயர்நீதிமன்றம் புலனாய்வுக்கு உத்தரவிட்டவுடன் 2021 ஏப்ரலில் விலகிய அனில் தேஷ்முக்கும் சரி, எந்தத் திருத்தமும் இல்லாமலேதான் விலகினார்கள். நீதிமன்றத்தின் சொல்லும் மக்களின் அழுத்தமும் அதைச் சாதித்தன.

தாராவிக்கு இதில் என்ன?

இது பெரிய மனிதர்களின் சண்டை என்று தாராவித் தொழிலாளி ஒதுங்கிவிட முடியாது. 2022 ஜூனில் மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சியில், அவ்வாண்டு நவம்பரில், தாராவி மறுகட்டுமானத்திற்கு அதானி குழுமத்தின் 5,069 கோடி ரூபாய் ஏலமே முதலிடம் பெற்றது. மாநில அரசு யார் கையில் இருக்கிறது என்பது தாராவியின் கூரையோடு தொடர்புடைய கேள்வி. வாக்குச்சீட்டால் அமைந்த அரசைக் கைது உத்தரவால் கலைக்க வழி திறந்துவிட்டால், அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை தாராவி வாக்காளரிடம் இராது.

இன்னொன்றும் உண்டு. இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். கைதானதுமே வேலை பறிபோவதும், குடும்பம் நிர்க்கதியாவதும் அவர்களுக்குப் புதிதல்ல. கைதையே தண்டனையாக்கும் இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே உழைக்கும் மக்களின் கோரிக்கை. அதை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைக்க முனைகிறது மோடி அரசு.

130ஆவது திருத்த மசோதா திரும்பப் பெறப்பட வேண்டும். பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் பிணை நிபந்தனைகள் நீக்கப்பட வேண்டும். அமைச்சராயினும் ஆலைத் தொழிலாளியாயினும், குற்றம் சாட்டப்பட்டவருக்கு விரைவான விசாரணையும், குற்றம் நிறுவப்பட்டால் தப்பவியலாத தண்டனையும் உறுதிசெய்யப்பட வேண்டும். இக்கோரிக்கைகளைச் சால்களுக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்கும் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கும் கொண்டு செல்வது கட்சி உறுப்பினர்களின் உடனடிக் கடமை.